கோட்டைக்குள் கேட்ட சம்மதம்

யாழ்ப்பாணப் பட்டினத்தை நான் சுற்றிப் பார்த்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவை போய் வந்த கணக்கு, பார்த்த கணக்கில் சேராது. பார்த்தது அந்த ஒரு நாள். அன்றைக்கு நல்லூர்க் கோயில் பார்த்தேன், யமுனா ஏரி பார்த்தேன், பழைய ராசாக்களின் அரண்மனை வாசல் வளைவைப் பார்த்தேன், கோட்டையும் பார்த்தேன். அன்றைக்கு என்னையும் பார்த்தார்கள்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்கச் சில வருஷம் முந்திய காலம். அச்சுவேலிக்குக் கிட்ட எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்து, வீட்டில் வைத்திருந்தார்கள். எனக்குப் பதினேழு வயதாகும்போது அப்பா மறியலில் இருந்தார். சிறைச்சாலையை எங்கள் பக்கத்தில் மறியல் என்றுதான் சொல்வோம்.

எல்லாம் ஒரு வேலியால் வந்தது. எங்கள் வளவுக்கும் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியுடைய வளவுக்கும் நடுவே கிளுவை வேலி. கிளுவைத் தடியை நட்டால் அது மரமாகவே வளர்ந்துவிடும். அதைத்தான் கதியால் என்போம். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் எங்கள் பக்கம் சற்றுச் சற்றாக நகர்ந்து வருகிறது என்பது அப்பாவின் கொதி. ஒருநாள் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு போய் நாலைந்து கதியாலைக் கிளப்பி எறிந்துவிட்டார். தடுக்க வந்த சித்தப்பாவின் கை முறிந்தது. வழக்கு நடந்தது. அப்பாவைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் போட்டார்கள். அந்தக் காலத்தில் மறியல்வீடு யாழ்ப்பாணக் கோட்டையின் உள்ளேதான் இருந்தது.

போன கையோடு அப்பா, அம்மாவின் தமையனான மாமாவிடம் சொல்லியனுப்பினார். "ஒருதரும் என்னைப் பாக்க வரப்படாது. பிள்ளை இந்தப் பக்கமே வரப்படாது." கலியாணமாகாத குமர்ப்பிள்ளை மறியல் வாசலில் நின்றாள் என்ற பேர் வந்தால் பிறகு அழியாது என்று அவர் நினைத்தார். அம்மா அந்தச் சொல்லை மீறவில்லை. மாமாவும் அதற்குப் பிறகு போகவில்லை.

அப்பா இல்லாத அந்த நேரத்தில்தான் சாவகச்சேரிப் பக்கமிருந்து எனக்கு ஒரு பேச்சு வந்தது. மாப்பிள்ளைக்குச் சாவகச்சேரி ரயில் ஸ்டேசனில் உத்தியோகம். தகப்பன் இல்லை, தாய் மட்டும். எங்களைப் போன்ற தோட்டக்காரர் வீட்டுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை லேசில் வராது. தரகர் அவர்களிடம் போய், பெண்ணின் தகப்பன் மலாயாவில் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர்களில் எத்தனையோ வீட்டுத் தகப்பன்மார் அப்போது மலாயாவில் இருந்தார்கள். நம்புவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஊருக்கு உண்மை தெரியும். ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முழ மண்ணுக்காகக் கூடப்பிறந்தவனையே கோட்டு வழக்குக்கு இழுப்பார்கள். ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பிய பழியை மட்டும் ஏற்க மாட்டார்கள். கை முறிந்த சித்தப்பாவே வாய் திறக்கவில்லை. "மலாயாவிலை இருந்து சுகமாய்த்தானாம்" என்று சந்தையில் யாருக்கோ சொன்னாராம்.

பெண்ணை வீட்டில் வைத்துக் காட்டுவது அப்போது குறைவு. கோயிலிலோ தேர்த் திருவிழாவிலோ தற்செயலாகச் சந்தித்ததுபோல் காட்டுவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு பகுதியும் ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுக்குப் போகலாம். அதில் முக்கியமான ஒழுங்கு ஒன்று இருந்தது. பெண்வீட்டார் அன்றைக்கு வாய் திறந்து ஒன்றும் கேட்கக்கூடாது. மாப்பிள்ளை வீட்டார் போய், யோசித்து, தரகரிடம் சொல்லியனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டால் பெண்ணில் ஏதோ குறை இருக்கிறது என்று ஆகிவிடும்.

நல்லூர்க் கோயிலில் சந்திப்பதாகத்தான் முதலில் ஒழுங்கு. மாப்பிள்ளையின் தாய் அதோடு விடவில்லை. மகனுக்கு ரயில் பாஸ் உண்டு, பட்டினத்துக்கு வருகிற நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருந்தார். தரகர் வந்து இதைச் சொன்னபோது அம்மா அரிசி களைகிற அரிக்கன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் எண்டால் என்ன எல்லாம்?"

"நல்லூர், ஏரி, பெரிய கடை, மணிக்கூட்டுக் கோபுரம். உதுகள்தான்."

"கோட்டை?"

தரகர் தலையைச் சொறிந்தார். "கோட்டை எண்டு நான் வாயே திறக்கேல்லை, தங்கச்சி. நீ பயப்பிடாதை."

அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையை எனக்கு உடுத்திவிட்டார்கள். விடியக் காலை பஸ் ஏறி, இறங்கி, நடந்து நல்லூருக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் ஏற்கெனவே வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் பருத்த மனுஷி. வெள்ளைக் கல் மூக்குத்தி, கையில் ஆண்பிள்ளைக் குடை. மாப்பிள்ளை தரகரோடு பின்னால் தள்ளி நின்றார். அவருடைய முகத்தை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. குனிந்த தலைக்கு எட்டியது காலில் கிடந்த சப்பாத்து மட்டும்தான். மண்ணிறச் சப்பாத்து, நன்றாக மினுக்கியிருந்தது.

கோயில் கும்பிட்ட பிறகு யமுனா ஏரிக்குப் போனோம். ஏரி என்று பெயர், பார்த்தால் கல்லால் கட்டிய கேணி. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. ராசாக்கள் காலத்தில் குளித்த இடம் என்று தரகர் சொன்னார்.

"பிள்ளை, உந்தப் படியிலை இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக்கொண்டு வா பாப்பம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

நான் இறங்கினேன். படி வழுக்கியது.

"கால் நல்லாய்த்தான் இருக்கு, அக்கா" என்று மேலேயிருந்து தரகர் சொன்னது கேட்டது.

"காலைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லையே. நீர் ஏன் காணும் நடுங்கிறீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் தண்ணீரோடு ஏறி வரும்போது விரலிடுக்கால் முழுவதும் ஒழுகிப் போயிருந்தது. "கை இறுக்கமில்லை" என்று அந்த மனுஷி பகிடியாகச் சொன்னார். "வீட்டுக் காசும் இப்பிடித்தான் போகும்." அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மகனுக்குப் பெண் தேடுகிற ஒரு தாய் பார்க்க வேண்டியதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அரண்மனை வாசல் வளைவு தெருவோரத்தில் தனியாக நின்றது. பின்னால் அரண்மனை இல்லை, பனையும் பற்றையும்தான். "ராசா இதுக்காலைதான் வாறவராம்" என்றார் தரகர். அந்த நேரம் பார்த்து அதற்குள்ளால் இரண்டு ஆடுகள் வந்தன. "ஓமோம், இப்ப மந்திரிமார் வருகினம்" என்றார் மாப்பிள்ளையின் தாய். எனக்கும் சிரிப்பு வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வீட்டுக்குப் போனால் சிரித்துக்கொண்டு இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்த இடம் அதுதான், அந்த ஒற்றை வளைவின் கீழே.

பிறகு அவர் குடையை நிலத்தில் ஊன்றி நின்று சொன்னார். "சரி, இனிக் கோட்டை."

அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன்.

"கோட்டைக்குள்ளை பெண்டுகளை விடமாட்டாங்கள், அக்கா."

"விடுவாங்கள். மகன் விசாரிச்சவன். உள்ளுக்கை இருக்கிற உலாந்தாக்காரற்றை கோயிலைப் பாக்க விடுவினமாம்." ஒல்லாந்தர் கட்டிய கிறிஸ்தவக் கோயிலைத்தான் சொன்னார்.

"அது வேதக்காரற்றை கோயில். நிலமெல்லாம் சவம் தாட்ட இடமாம். துடக்கல்லோ, தலை முழுகவேணும்."

"உலாந்தாக்காரன் செத்து இருநூறு வருசம். உங்கடை துடக்கு அவ்வளவு காலத்துக்கு நிக்குமோ?"

அம்மா வேறு வழி தேடினார். "பிள்ளைக்கு உச்சி வெய்யில் ஒத்துக்கொள்ளாது."

அந்த மனுஷி குடையை எடுத்துக்கொண்டு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெய்யில் ஒத்துக்கொள்ளாதோ? அப்பிடியெண்டால்?"

"இல்லை, இல்லை, அக்கா. நான் சும்மா சொன்னனான். போவம், போவம்" என்று அம்மா அவசரமாகச் சொன்னார். தரகர் திருக்கல் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். பெண்கள் மூவரும் ஒரு வண்டியில் ஏறினோம். மாடு நடந்த அந்த வழியெல்லாம் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளையாரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மறியற்காரரைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், நாங்கள் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தீர்ந்தது என்றுதான் அம்மாவும் எண்ணியிருப்பார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கோட்டையைச் சுற்றி அகழி. மதிலின் கல்லெல்லாம் கடலில் எடுத்த பவளக் கல், துளை துளையாக இருந்தது. வாசல் ஒரு குகைபோல. உள்ளே போகும்போது இருட்டும் குளிர்ச்சியும் வௌவால் நாற்றமும் வந்தன. அதைக் கடந்தால் மறுபடி வெய்யில். பெரிய மரங்கள், பெரிய வெளி, நடுவே அந்தக் கோயில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வளையல் தோலில் அழுந்தியது.

காவலுக்கு நின்ற கிழவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நிலம் முழுக்க எழுத்து வெட்டிய கற்கள். சில கற்களில் மண்டையோடு செதுக்கியிருந்தது. அம்மா வாசற்படியோடு நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் தாய் ஒவ்வொரு கல்லாக மிதித்து நடந்தார். "ஆரோ பெரிய ஆக்கள்தான். இப்ப எங்கடை காலுக்கை" என்றார். அந்தக் குரல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அவருக்கே பயம் பிடித்திருக்க வேண்டும், பக்கத்துக் கதவால் சடக்கென்று வெளியே இறங்கினார். நாங்களும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம்.

அங்கே மதிலோடு சாய்ந்த புற்றரையில் ஆறேழு பேர் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்கு மேலே நிற்கும் வெள்ளைக் காற்சட்டை, மொட்டையாக வெட்டிய தலை. பக்கத்தில் தடியோடு ஒரு காவற்காரன்.

எங்களுக்குக் கிட்ட இருந்தவர் புல்லை வேரோடு பிடுங்கி, குதிக்காலில் இரண்டு தரம் தட்டி மண்ணை உதிர்த்து, பக்கத்தில் வைத்தார். மாட்டுக்குப் புல்லுப் பிடுங்கும்போது அப்பா அப்படித்தான் செய்வார். முகத்தை நான் பிறகுதான் பார்த்தேன். குடுமி இல்லாத அப்பாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிடரி வெள்ளையாக, யாரோ ஒரு பையனுடைய பிடரிபோல இருந்தது.

அவரும் கண்டுவிட்டார். முதலில் அம்மாவை, பிறகு என்னை. என் சேலையைப் பார்த்தார். குடையோடு நின்ற மனுஷியைப் பார்த்தார், தள்ளி நின்ற சப்பாத்துக்காரரையும் தரகரையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியே எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குந்திக்கொண்டார்.

"மறியற்காரர் போலை" என்றார் மாப்பிள்ளையின் தாய் குரலைத் தாழ்த்தி. "பாவங்கள். உதுகளுக்கும் பெண்சாதி பிள்ளையள் எங்கையோ இருக்குங்கள்தானே."

நான் கீழே பார்த்தேன். அழுதால் எல்லாம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு புல்லைப் பார்த்தபடி நின்றேன். தரகருக்கும் விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். "வாங்கோ, வாங்கோ, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு நேரம் போகுது" என்று அவசரப்படுத்தினார்.

அந்த மனுஷி நடக்கத் திரும்பினார். அப்போதுதான் அம்மா கதைத்தார். என் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிக்கூடக் கதைத்து நான் அறியேன். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்துக்கு மதிலிலிருந்து காகம் எழும்பிப் பறந்தது.

"அக்கா! சாவகச்சேரி ஸ்டேசனிலை உத்தியோகம் பாக்கிற உங்கடை மகனுக்கு என்ரை பிள்ளையைச் செய்ய உங்களுக்குச் சம்மதமோ?"

தரகர் கையைத் தலையில் வைத்தார். மாப்பிள்ளையின் தாய் அப்படியே நின்றார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்ன தங்கச்சி, நடு வெளியிலை நிண்டு..."

"சொல்லுங்கோ அக்கா. ஓமெண்டு ஒரு சொல்லு சொல்லுங்கோ. கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

அந்த மனுஷி மகனைத் திரும்பிப் பார்த்தார். காவற்காரனும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கத்தில் அவருக்கு முகம் கறுத்துப் போயிற்று. அந்த இடத்தால் தப்பிப் போக வேண்டும் என்றுதான் அவர் அதைச் சொன்னார் என்று பிறகு விளங்கியது.

"ஓம், ஓம். பெட்டை நல்ல அடக்கம். எங்களுக்குச் சம்மதம். ஆவணியிலை வைப்பம். போதுமோ?"

"ஆவணியிலை" என்று அம்மா திருப்பிச் சொன்னார், அதே சத்தத்தில்.

நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். புல்லுப் பிடுங்கிய கை நின்றிருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. பிடுங்கிய புல்லைக் குதிக்காலில் தட்ட மறந்து, மண்ணோடேயே வைத்தார்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு நாங்கள் போகவில்லை. தலையிடி என்று சொல்லி மாப்பிள்ளையின் தாய் நேரே ஸ்டேசனுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையானவர்போல் இருந்தார். நித்திரை இல்லை. தோள் நனைந்தது.

அடுத்த கிழமை தரகர் வந்தார். விறாந்தையில் ஏறவில்லை, முற்றத்திலேயே நின்றார்.

"அவை மாட்டினமாம்."

அம்மா விறாந்தைத் தூணோடு வந்து நின்றார்.

"பெண்வீட்டார் வாய் திறக்கிறதோ, தங்கச்சி? அதுவும் அப்பிடி! என்ன அவசரமெண்டு கேக்கினம். பெட்டைக்கு ஏதோ வருத்தம் இருக்கு, இல்லாட்டி அதைவிடப் பெரிய வில்லங்கம் எண்டு கதை போகுது. நான் என்னத்தைச் சொல்லுறது? புருசன் அதிலை குந்தியிருந்தவர் எண்டு சொல்லட்டோ?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றார் அம்மா.

தரகர் போன பிறகு அம்மா அடுப்பில் உலை வைத்தார். என்னைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "தண்ணி அள்ளிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். என் அம்மா என் கலியாணத்தைக் கெடுத்தார் என்று பிற்காலத்தில் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்கள். நான் மறுத்துக் கதைத்ததில்லை. எனக்கு ஆட்களுக்கு நடுவே கதைக்க வராது. சேலை உடுத்திய மகளை ஒரு மனுஷன் பார்த்துவிட்டார், அவள் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்று தெரியாமல் அவர் திரும்பி மறியலுக்குள் போக வேண்டுமா? அம்மாவுக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான் தெரிந்தது. கலியாணம் தெரியவில்லை.

ஆவணி வந்தது, போனது. வேறு பேச்சு ஒன்றும் வரவில்லை. சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிப் பக்கம் கதை பரவிவிட்டது. எங்கள் பக்கமும் கொஞ்சம் வந்தது. அப்பாவுக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. வரக்கூடாது என்று அவர்தானே சொல்லியிருந்தார். என்ன சொல்லத்தான் போவது? கோட்டைக்குள் அவர் ஆவணியை எண்ணிக்கொண்டிருந்திருப்பார். அந்த மாதத்தில் ஒரு நல்ல நாளைத் தானே தேர்ந்து, இன்றைக்கு என் பிள்ளைக்குத் தாலி ஏறுகிறது என்று நினைத்தும் இருப்பார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வரும். என்னுடைய விஷயத்தை நினைத்தால் அவ்வளவு இல்லை. பல வருஷம் கழித்து ஒருவருக்கு இரண்டாந்தாரமாய்ப் போனேன், அது வேறு கதை.

மாசி மாதம் வெங்காயம் கிண்டிய காலத்தில் அப்பாவை விட்டார்கள். நான் முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தேன். வெய்யில் சாய்கிற நேரம். வேலிப் படலை திறந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அப்பா நின்றார். தலைமயிர் கட்டையாக வளர்ந்திருந்தது. கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம், வாழைநாரால் கட்டியது.

என்னைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. "பிள்ளை" என்றார். பழத்தை விறாந்தையில் வைத்தார். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, சாப்பிடக் குந்தினார். அம்மா சோறு போட்டார். பாதி சாப்பிடும்போது தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"சாவகச்சேரிக்குப் போட்டுத்தான் வாறன்."

அம்மாவின் கையில் அகப்பை நின்றது.

"வெறுங்கையோடை போகக்கூடாதெண்டு பழம் வாங்கினன். ஸ்டேசன் உத்தியோகத்தற்றை வீடு எதெண்டு கேட்டன். காட்டிச்சினம். உள்ளுக்குப் போகேல்லை. போற கோலமோ இது? வேலியாலை ஒருக்காப் பாத்திட்டு, பழத்தை ஆரிட்டையும் குடுத்துவிடுவமெண்டு நிண்டன்." சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "ஒரு பெட்டை கிணத்தடியிலை தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டுது. எங்கடை பிள்ளைதான் எண்டு கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன். திரும்பினாப் பிறகுதான் பாத்தன், வேறை ஆரோ."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்தானே.

"அண்டைக்கு ஏன் அப்பிடிச் சத்தம் போட்டனீ?" என்றார் அம்மாவைப் பார்த்து. கோபமாகக் கேட்கவில்லை.

"உங்களுக்குக் கேக்கவேணுமெண்டு."

அப்பா சோற்றுக் கோப்பையிலேயே கையைக் கழுவினார்.

"கேட்டது" என்றார்.